பள்ளிக்கூடத்தில் இரண்டு பாத்தி: தொடக்கப்பள்ளித் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கரிசல் பூமியில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பும் சேர்த்து 42 பிள்ளைகள். பள்ளிக்குப் பின்னால் மூன்றடி அகலம் பத்தடி நீளத்தில் இரண்டு பாத்தி வைத்திருக்கிறோம், வேலியோரம் முருங்கையும் பப்பாளியும் நிற்கின்றன. இதைக் கேள்விப்பட்டு மற்ற பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்பதில் பாதி திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தோட்டத்தில் பாடம் நடத்துவது என்றால் என்ன? மரக்கன்று நடுவது மாதிரியா?

இல்லை. மரம் நடுவது நல்ல காரியம், ஆனால் அது ஒரு நாள் வேலை. நான் சொல்வது வாரம் இரண்டு பீரியடாவது பிள்ளைகள் பாத்திக்குப் போய், பார்த்து, தொட்டு, அளந்து, எண்ணி, எழுதி, அதிலிருந்து கேள்வி கேட்டு, அந்தக் கேள்வியோடு வகுப்பறைக்குத் திரும்புவது. நட்டு முடித்து மாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினால் அது தோட்ட வேலை. "நேற்று இது இரண்டு இலை, இன்றைக்கு ஏன் நாலு?" என்று ஒருத்தி கேட்டு, அதற்காக இன்னொருத்தி நோட்டைத் திருப்பிப் பார்த்தாள் என்றால் அப்போதுதான் பாடம் ஆரம்பம்.

முன்பு நான் இருந்த ஒரு பள்ளியில் அழகான தோட்டம் இருந்தது. குரோட்டன்ஸ் வரிசை, சுண்ணாம்பு அடித்த செங்கல் ஓரம். பிள்ளைகள் தொட்டால் திட்டு விழும், ஆய்வுக்கு யாராவது வரும்போது மட்டும் அதைச் சுற்றி நிற்க வைப்பார்கள். நாலு வருடம் அங்கே படித்துவிட்டுப் போன பிள்ளைக்கு அந்தச் செடிகளின் பெயர்கூடத் தெரியாது. அந்த வருத்தத்தில்தான் இந்தப் பள்ளிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாத்தி வெட்டினேன்.

இது புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்த யோசனையா?

புதிதில்லை. ஜெர்மனியில் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் தன் சிறுவர் பள்ளிக்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். வெறும் பெயரோடு நிற்கவில்லை, அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி உண்டு, எல்லோருக்கும் பொதுவான பாத்தியும் உண்டு. நம் நாட்டில் 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைவேலையை நடுவில் வைத்து மற்ற பாடங்களை அதைச் சுற்றிக் கற்பிக்கச் சொன்னது. இன்றைக்கு எல்.கே.ஜி.க்குப் பணம் கட்டும் பெற்றோரிடம் அந்த 'கே.ஜி.'யில் ஒரு தோட்டம் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்கு எங்கே நேரம்?

தனியாக நேரம் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே நடத்த வேண்டிய பாடத்தை அங்கே கொண்டுபோய் நடத்த வேண்டும். அளவைகள் பாடம் வருகிறதா, ஸ்கேலை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போங்கள். தாவரத்தின் பாகங்கள் வருகிறதா, கரும்பலகையில் படம் வரையும் நேரத்தில் களையாக முளைத்த ஒரு குப்பைமேனியைப் பிடுங்கிக் கழுவித் தாளில் வையுங்கள். வேர், தண்டு, இலை, பூ எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றால் எல்லோரையும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. நான் முதலில் அப்படித்தான் செய்தேன், இருபது நிமிடத்தில் ஒரு பாத்தி முழுக்க மிதிபட்டுப் போனது. இப்போது ஆறு பேர் கொண்ட குழுவாகப் போகிறார்கள், பெரிய பிள்ளை இரண்டு, சின்னப் பிள்ளை நாலு. மற்றவர்கள் உள்ளே எழுத்து வேலை. நாற்பது நிமிடத்தில் இரண்டு குழு போய்விட்டு வந்துவிடும்.

எந்தெந்தப் பாடத்துக்கு உதவும்? கொஞ்சம் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வெண்டைச் செடியை அளந்தார்கள். ஒருத்தி 13 சென்டிமீட்டர் என்றாள், மற்றவன் 12 என்றான். இருவருமே சரியாகத்தான் படித்திருந்தார்கள். பிறகு உட்கார்ந்து பார்த்தால், அவள் ஸ்கேலை மண்ணில் கொஞ்சம் அழுத்தி நிறுத்தியிருக்கிறாள், அவன் மண்மேல் வைத்திருக்கிறான், போதாததற்கு ஸ்கேலின் நுனிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வேறு. 'அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்' என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். அன்றைக்குத்தான் அது ஏன் என்று அவர்களுக்கே தெரிந்தது. அடுத்த வாரம் அவர்களாகவே செடிப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, மண்மட்டத்தில் கோடு போட்டு, அங்கிருந்து அளக்க ஆரம்பித்தார்கள்.

பின்னம் சொல்லித்தர முளைப்பு போதும். பத்து விதை போட்டு ஏழு முளைத்தால் பத்தில் ஏழு. வரைபடத்துக்கு வெண்டைக்காய்: பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அதன்பிறகு ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதாவது திங்கட்கிழமை பூத்ததைத் தினமும் அளந்து எழுதினால் அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காயின் முழு வளர்ச்சியும் நோட்டில் வந்துவிடும். இவ்வளவு வேகமாக வளரும் பாடப்பொருள் வேறு எங்கே கிடைக்கும்?

அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்தது துவரையும் தட்டைப்பயறும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தோம். தட்டைப்பயறு நாலைந்து நாளில் முதுகை வளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு, தன் இரண்டு பருப்பையும் தலையில் சுமந்தபடி மேலே வந்தது. துவரையில் பச்சைத் தளிர் மட்டும் வந்தது, பருப்பைக் காணோம். "டீச்சர், எறும்பு தின்னுடுச்சு" என்று ஒரு கட்சி, "அது பருப்பு இல்லாத விதை" என்று இன்னொரு கட்சி. நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் ஒரு துவரைச் செடியை மட்டும் தோண்டிப் பார்க்க அனுமதி கேட்டார்கள். விரலால் மண்ணை மெல்ல விலக்கினால், உள்ளே பருப்பு இரண்டும் அப்படியே இருந்தன, பக்கத்திலிருந்து வேர் கீழேயும் தண்டு மேலேயும் போயிருந்தன. சில விதைகள் விதையிலையை, அதாவது அந்தப் பருப்பை, மேலே தூக்கி வரும், சில மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று நான் அதன்பிறகுதான் சொன்னேன். அப்புறம் அவர்கள் விடவில்லை, கொண்டைக்கடலை, மக்காச்சோளம், புளியங்கொட்டை என்று வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றும் எந்தக் கட்சி என்று பார்த்தார்கள். கொண்டைக்கடலையும் மக்காச்சோளமும் துவரைக் கட்சி, புளி தட்டைப்பயறுக் கட்சி.

தமிழ்ப் பாடத்துக்குத் தோட்டம் ஒரு அகராதி. கீரைக்கும் வாழைக்கும் 'தண்டு', நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் 'தாள்', கம்புக்கும் சோளத்துக்கும் 'தட்டு', கரும்புக்குக் 'கழி', வேம்புக்கும் புளிக்கும் 'அடி'. பிஞ்சிலும் அப்படித்தான். மாம்பிஞ்சு 'வடு', பலாப்பிஞ்சு 'மூசு', வாழைப்பிஞ்சு 'கச்சல்', தென்னை பனைக்குக் 'குரும்பை'. இதெல்லாம் பத்தாம் வகுப்பில் மனப்பாடமாக வரும் சொற்கள். கையில் ஒரு கச்சலைப் பிடித்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது மனப்பாடமே இல்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, எங்கள் பிள்ளைகள் வெண்டைச் செடியில் மூன்றையும் ஒரே கிளையில் காட்டுவார்கள்.

படிக்க அனுப்பினால் பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறீர்களே?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர்மீது எனக்கு ஒருபோதும் கோபம் வருவதில்லை. அவர்கள் கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டு, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பு கிளம்பி, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தாத்தா காட்டு வேலை பார்த்தார், அப்பா காட்டு வேலை பார்க்கிறார், பிள்ளையாவது அந்த வெயிலிலிருந்து தப்ப வேண்டும் என்று பள்ளிக்கு அனுப்பும் வீட்டில், பிள்ளை கையில் களைக்கொத்தோடு நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

அதனால் எங்கள் பள்ளியில் சில விஷயங்களில் விட்டுக்கொடுப்பதே இல்லை. தோட்டத்துக்குப் போவது ஒருநாளும் தண்டனை ஆகாது, வீட்டுப்பாடம் செய்யாதவனைக் களை பிடுங்க அனுப்ப மாட்டோம். கொத்துவது, குப்பை சுமப்பது, குடம் தூக்குவது எல்லாம் பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தூக்குவது தண்ணீர் மொள்ளும் ஒரு மக் அல்லது சின்னப் பூவாளி. பையன்கள் கொத்த, பெண் பிள்ளைகள் பெருக்க என்ற பிரிவினை கிடையாது. யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை வைத்து எந்த வேலையும் யாருக்கும் போகாது, முறை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், அதில் ஆசிரியர் பெயரும் உண்டு. சாணியைக் கையால் தொடுவது முதலில் நான்தான், அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, ஒரு பிள்ளை செய்த வேலையிலிருந்து அது என்ன கற்றது என்று என்னால் காட்ட முடியாவிட்டால் அந்த வேலையை அடுத்த வாரம் நிறுத்திவிடுவேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளின் தோட்ட நோட்டைத்தான் கையில் கொடுப்பேன். ஒரு அம்மா பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டு, "இது எம்புள்ளையா எழுதுச்சு?" என்றார். அதன்பிறகு விதை கொண்டுவந்து தருபவர்களில் அவர்தான் முதல் ஆள்.

எவ்வளவு இடம் வேண்டும்? எங்கள் பள்ளியில் மண்ணே இல்லை, எல்லாம் சிமெண்ட் தளம்.

இரண்டு பாத்தி போதும். அகலம் மூன்றடியைத் தாண்ட வேண்டாம், இருபுறமும் உட்கார்ந்து கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், அப்போதுதான் பாத்திக்குள் மிதிக்க மாட்டார்கள். நடைபாதை குறைந்தது இரண்டடி.

இடமே இல்லை என்றால் வளர்ப்புப் பைகள், பழைய பக்கெட், அடியில் துளை போட்ட தண்ணீர் கேன் என எதிலும் கீரையும் வெண்டையும் வரும். மண், மக்கிய தொழுஉரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். பூச்சிமருந்து, பெயிண்ட் இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். மொட்டைமாடிக்குச் சின்னப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், வராண்டா ஓரத்தில் காலை வெயில் படும் இடமே போதும்.

முதலில் என்ன விதைப்பது?

கீரை. யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகளின் பொறுமைக்கு எல்லை உண்டு, முளைக்கீரை மூன்று நாலு நாளில் முளைத்து 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். விதை மிகச் சிறியது, ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். விதைத்ததும் எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிக் குருணை போட்டால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு போய்விடும். இது எங்கள் ஊர்ப் பாட்டிகள் சொன்னது, ஒவ்வொரு முறையும் பலித்திருக்கிறது.

அடுத்து வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி. முள்ளங்கி 45 நாளில் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். கொடி ஏற்ற வசதி இருந்தால் அவரை, பீர்க்கு. தக்காளியும் கத்தரியும் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாற்று, நடவு, நோய் என்று வேலை அதிகம், முதல் வருடமே தோற்றுப்போனால் எல்லோருக்கும் மனசு விட்டுப்போகும்.

பள்ளி திறப்பது ஜூனில், ஆடிப்பட்டம் ஜூலை நடுவில். அதனால் ஜூன் முழுக்க மண் வேலை, ஆடியில் விதைப்பு என்று வைத்தால் காலாண்டுத் தேர்வுக்குள் முதல் அறுவடை பார்த்துவிடலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பாத்தியை மூழ்கடிக்கும், பாத்தியை அரையடி மேடாக வைத்திருந்தால் தப்பிக்கும். தைப்பட்டத்தில் இன்னொரு சுற்று.

பூசணி பூத்துப் பூத்து உதிர்கிறது, காயே பிடிக்கவில்லை. ஏன்?

முதல் ஒன்றிரண்டு வாரம் வருவது பெரும்பாலும் ஆண் பூதான், அது உதிரத்தான் செய்யும். பெண் பூவைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி இருக்கும். அதுவும் வெம்பி விழுந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று அர்த்தம். பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும், அதனால் முதல் பீரியடிலேயே ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் அந்தக் காம்பில் நூல் கட்டித் தேதி எழுதி வைத்தார்கள். நூல் கட்டியது பெருத்தது, கட்டாதது சிலது உதிர்ந்தது. தேனீ எதற்கு என்று அப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பீர்க்கும் சுரையும் பூப்பது சாயங்காலம், அவற்றை வீட்டில் கொடி வைத்திருக்கும் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கவே லாரித் தண்ணீர்தான்.

எங்களுக்கும் அதே நிலைதான். முப்பது சதுர அடிப் பாத்திக்கு நல்ல வெயில் நாளில் ஒரு குடம், அதாவது ஏறக்குறைய 15 லிட்டர் போதும், சருகு மூடாக்கு போட்டிருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பிள்ளைகள் சாப்பிடுமுன் கைகழுவும் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிட்டோம். அரிசி களைந்த தண்ணீரைச் சத்துணவு சமையலர் அக்கா ஒரு வாளியில் தனியாக எடுத்து வைப்பார்.

மழையையும் பாடமாக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 30 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர், அதாவது நாற்பது குடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அவ்வளவும் ரோட்டுக்கா போகுது?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எங்கள் பள்ளிக்குக் கூரைக் குழாயும் தொட்டியும் வரக் காரணமானது, குழுக் கூட்டத்தில் அவனையே பேச வைத்தோம். தொட்டியை மூடியே வைத்திருங்கள். வாளி, டிரம் எதுவாக இருந்தாலும் வாரம் ஒருநாள் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள், டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

எங்கள் மண் மோசம், எதுவும் விளையாது என்கிறார்களே?

ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். கோடு கோடாகப் படிவதைப் பிள்ளைகள் அளந்து எழுதட்டும். எங்கள் கரிசலில் களிதான் பெரிய கோடு, கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கும். களியோ மணலோ மருந்து ஒன்றுதான், மக்கு உரம். காய்ந்த சருகு மூன்று பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, நடுவில் கொஞ்சம் சாணிக் கரைசல், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் கருப்பாக உதிரியாக வரும். சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு, அந்த ஓடுகளைக் காயவைத்து நொறுக்கி அதிலேயே போடுகிறோம். பச்சைச் சாணியை நேராகக் கீரையில் போடாதீர்கள், கிருமி இருக்கும்.

ஆடு, மாடு, மயில்?

வேலி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் முதல் பாத்தியை ஒரு சனி ஞாயிறு விடுமுறையில் ஆடுகள் முடித்துவிட்டன, திங்கட்கிழமை பிள்ளைகள் அழுதார்கள். இப்போது சுற்றிலும் மீன்வலை கட்டி அடியில் மூங்கில் தப்பை வைத்திருக்கிறோம். முள்வேலி வேண்டாம். உயிர்வேலி என்று காட்டாமணக்கை நடவே நடாதீர்கள், அதன் கொட்டையைக் கடலை என்று தின்று பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது நம் ஊர்களில் நடந்துகொண்டே இருக்கிறது.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

கடை மருந்து எதுவும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது. அவரையில் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பினால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், பாதி போய்விடும். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு சாயங்காலம் பெரியவர்கள் தெளிக்கலாம்.

ஆனால் தெளிப்பதற்கு முன் ஒரு லென்ஸைக் கொடுத்து இலையைப் பார்க்க விடுங்கள். கருப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு அசுவினிக்கு நடுவில் ஓடும். பார்க்க விகாரமாக இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் நசுக்குவார்கள். அது பொறிவண்டின் புழு, அசுவினியைத் தின்னவே வந்தது. நானே பல வருடம் அதை நசுக்கியிருக்கிறேன்.

பாம்பு, காயம், ஒவ்வாமை... பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. செங்கல் குவியல், ஓலைக் குவியல் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, புல் முழங்கால் உயரம் வளரவிடக்கூடாது, காலையில் முதலில் ஒரு பெரியவர் கம்பால் தட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். செருப்பில்லாமல் யாரும் இறங்கக்கூடாது. பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன் பெரியவர்கள் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், சிலருக்குத் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். ஊமத்தை, அரளி, குன்றிமணி, ஆமணக்குக் கொட்டை இவற்றைப் பிடுங்கினால் மட்டும் போதாது, வழியில் பார்த்தாலும் வாயில் வைக்காதபடி பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள். ஐந்து வயதிலும் பத்து வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி போட்டாயிற்றா என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், இதில் விலக்கே இல்லை.

சத்துணவுக்குத் தேவையான காயைத் தோட்டமே தந்துவிடுமா?

தராது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய் என்பது மதிய உணவு விதிமுறை. எங்கள் 42 பேருக்குத் தினம் 2 கிலோ 100 கிராம், 220 வேலை நாளுக்கு 462 கிலோ. நன்றாக வந்தால் எங்கள் ஒரு பாத்திக் கீரை சுமார் மூன்று கிலோ, அதாவது ஒரு நாள் கூட்டுக்கு ஆகும். 'பள்ளியே தன்னிறைவு' என்று பேசி ஆசிரியர் தலையில் விளைச்சல் இலக்கை வைக்கும்போது தோட்டம் பிள்ளைகளின் கையை விட்டுப் போய்விடுகிறது, அதனால்தான் கணக்கோடு சொல்கிறேன். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பப்பாளி மூன்றும் வருடம் முழுக்கக் கைகொடுக்கும், அதுவே பெரிய விஷயம்.

தோட்டம் இருந்தால் காய் சாப்பிடாத பிள்ளை சாப்பிடுமா? ஆராய்ச்சி ஏதும் உண்டா?

உண்டு, முடிவுகள் கலவையாக இருக்கின்றன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பகுதியில் 16 தொடக்கப்பள்ளிகளை எடுத்து, அதில் பாதியில் தோட்டம், சமையல், ஊட்டச்சத்துப் பாடம் மூன்றையும் சேர்த்து நடத்தி, மீதிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் பிள்ளைகள் காய் சாப்பிடுவது கூடியிருந்தது, உடல் எடையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் இல்லை. லண்டன் தொடக்கப்பள்ளிகளில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், தோட்டத் திட்டத்தால் மட்டும் காய் பழம் உண்பது கூடியதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை, தோட்டத்தைப் பள்ளியின் அன்றாடத்தோடு நன்றாக இணைத்த பள்ளிகளில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. நான் பார்த்த அளவிலும் இதேதான். செடியைப் பார்த்தால் மட்டும் சாப்பிட மாட்டார்கள். தானே கிள்ளி, தானே கழுவி, சமையலர் அக்காவிடம் தன் கையால் கொடுத்த கீரை தட்டில் விழும்போது ஒரு வாயாவது வைப்பார்கள்.

செலவு எவ்வளவு? யார் தருவார்கள்?

விதை, வலை, இரண்டு களைக்கொத்து, இரண்டு பூவாளி தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. தொழுஉரம் ஊரில் கேட்டால் கொடுப்பார்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விதை, ஆலோசனை இரண்டையும் கேளுங்கள். யாராவது ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் மரக்கன்று தருகிறோம் என்று வந்தால், தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா என்று யோசித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு அமைப்பு அப்படித் தந்தது, படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அந்தக் கோடையில் இரண்டு கன்றுகூட மிஞ்சவில்லை.

மே மாத விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடுமே? ஆசிரியருக்கு மாறுதல் வந்தால்?

காயட்டும். ஏப்ரலோடு காய்ப்பயிரை முடித்து, முற்றவிட்ட காய்களிலிருந்து விதை எடுத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்துப் பிள்ளைகள் கையால் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். பாத்தியைச் சருகால் மூடிவிடுங்கள். முருங்கைக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும்.

மாறுதல் பெரிய கவலைதான், எத்தனையோ பள்ளித் தோட்டங்கள் ஒரு ஆசிரியரோடு வந்து அவரோடு போயிருக்கின்றன. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரு பெரிய நோட்டில் பிள்ளைகளை எழுத வைக்கிறேன், என்றைக்கு விதைத்தோம், எத்தனை முளைத்தது, எது செத்தது, ஏன் செத்தது என்று. அந்த நோட்டு பள்ளியில் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிளம்பும் முன் நாலாம் வகுப்புக்கு அதைப் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம்.

சரி, வருகிற ஜூனில் ஆரம்பிக்கிறேன். முதல் வாரம் என்ன செய்ய?

மண்ணைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு விதை கொண்டுவரச் சொல்லுங்கள், அடுப்படியில் இருக்கும் பயறே போதும், உடைக்காத முழுப் பயறாக இருக்க வேண்டும். ஈரத்துணியில் பத்துப் பத்தாக வைத்துச் சுருட்டி, பெயர் எழுதி, நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்துப் பிரித்துப் பாருங்கள். நாலைந்து நாளில் பத்துக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். ஏழுக்கு மேல் முளைத்த விதையை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்துக்குக் கீழே போனதைத் தள்ளிவிட்டு வேறு தேடுங்கள். வெள்ளிக்கிழமை அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த வீட்டு விதையை நம் பாத்தியில் போடலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.